குக்கரில் நீங்கள் வைத்துவிட்டுப் போனது

அண்ணே,

குக்கர் என் அடுப்பு மேடையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் எலுமிச்சை சோப்பு வாசனை. கருகிய பருப்பு, அளவு மீறிய பெருங்காயம், நம் காதர் பாய் மறந்துபோய் உள்ளேயே வேகவைத்த மரக்கரண்டி என்று எத்தனையோ வாசனை ஏறிய குக்கர் இது. சோப்பு வாசனை மட்டும் ஏறியதில்லை. நம்மில் யாரும் அவ்வளவு நன்றாகக் கழுவியதில்லை.

உங்கள் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தாள்.

"அங்கிள், இது உங்க குரூப்போடதுன்னு சென்டர்ல சொன்னாங்க. அப்பா உள்ள ஏதோ சமைச்சு வெச்சிருந்தாரு. கெட்டுப்போச்சு. கொட்டிட்டு நல்லா க்ளீன் பண்ணிட்டேன்."

"என்னம்மா சமைச்சிருந்தாரு?"

"தெரியல அங்கிள். பார்க்காமலே கொட்டிட்டேன். சாரி."

"பரவால்லம்மா" என்றேன். உள்ளதைவிடச் சிறிதாக என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

என்னைத் தெரியுமே உங்களுக்கு. ஜூரோங் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டிய காலத்தில் முழுக் கப்பலை ஒற்றை விரலால் தூக்கினேன் என்று மூத்தோர் நிலையத்தில் முதல் நாளே அறிவித்தவன் நான். நீங்கள் தேநீரை ஊதிக்கொண்டே, "பாதி" என்றீர்கள்.

"பாதிக் கப்பலா, பாதி விரலாண்ணே?"

"ரெண்டும்."

அன்றிலிருந்து என் பிரகடனங்களுக்கெல்லாம் உங்கள் பதில் அந்த ஒற்றைச் சொல்தான். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்ற அறிவிப்பை நெற்றியில் ஒட்டிக்கொண்டே ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் நீங்கள்.

சுவா சூ காங்கில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து நிலையத்தில், மனைவியை இழந்த, முட்டை அவிக்கவும் தெரியாத நான்கு கிழவர்கள் ஒருவருக்கொருவர் சமையல் சொல்லிக்கொடுக்கக் கூடினோம். தெரியாததை யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று காதர் பாய் கேட்டார். தேக்கா சந்தையில் ஆயுள் முழுக்கப் பருப்பு விற்றவர், ஒரு நாளும் அதை வேகவைத்ததில்லை. நான் நம் கூட்டத்துக்கு அகில உலகப் பாகசாலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டி, என்னையே துணைவேந்தராக நியமித்துக்கொண்டேன். "பாதி" என்றீர்கள். அரைத் துணைவேந்தரானேன்.

அரிசி மூட்டை பொது. மசாலா டப்பாக்கள் பொது. குக்கரும் ஒன்றே ஒன்று, வாரம் ஒரு வீடு. அந்த வாரத்துக்காரர் யூடியூப்பைப் பார்த்தோ மகளைக் கேட்டோ ஒன்றைக் கற்றுச் சமைத்து, சனிக்கிழமை குக்கரோடு நிலையத்துக்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். காதர் பாய்க்கு ஹலால் வேண்டும், நான்காமவரான எதிர்வீட்டுச் சீனர் லிம் மாட்டிறைச்சி தொடமாட்டார், நீங்கள் சுத்த சைவம். ஆகவே உள்ளே காயும் பருப்பும் சோறும்தான். என்ன சமைத்தோம் என்று வாய் திறக்கக் கூடாது. மூடியைத் திறக்கும் முன் மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். லிம் எதற்கும் "கறி லா" என்பார்; எந்த மொழியில் பேசினாலும் அவருக்கு அந்த லா ஒட்டிக்கொண்டு வரும். வெறும் சோறு வைத்த அன்றும் கறி என்றார்.

ஆளுக்கொரு குக்கர் வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று நான்தான் ஒருமுறை சொன்னேன். "ஆளுக்கொண்ணு வாங்கினா, ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கிட்டுத் தின்போம்" என்றீர்கள். உங்கள் கணக்கில் அது ஒரு மேடைப் பேச்சு.

ரப்பர் வளையம் தேய்ந்தபோது இருவரும் தேக்காவுக்குப் போனோம். அளவு தவறக் கூடாதென்று மூடியை எடுத்து வந்தீர்கள். எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். வண்டி வளைகிற இடத்தில் மூடியும் ஸ்டியரிங் போலக் கொஞ்சம் திரும்பியது. எதிரே இருந்த சீன அம்மா இறங்கும்போது உங்களைப் பார்த்து "தேங்க்யூ அங்கிள்" என்றார். சிங்கப்பூரே சிரித்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். சிரித்தது அந்தப் பெட்டியில் பாதிப் பேர்தான்.

உங்கள் முறை வந்த அந்தச் சனிக்கிழமை தட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தோம். லிம் கறி என்று முன்கூட்டியே சொல்லியும்விட்டார். நிலையத்துப் பெண் வந்து, முதல்நாள் மாலை உங்களை ஆம்புலன்ஸில் கொண்டுபோனதையும், நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்பதையும் சொன்னாள். அடுக்கிய தட்டுகளை நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

எனக்குத் துக்கம் வந்தால் சிங்கப்பூர் ஆறு கரை உடையும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் உங்களைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். மண்டாய் தகனச்சாலைக்குப் போன பஸ் ஒரு சிக்னல் விளக்கில் குலுங்கி நின்றது. பிரேக்கைத் தாமதமாக மிதித்தான் என்று நீங்கள் முணுமுணுத்திருப்பீர்கள் என நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். மின்தூக்கிக்குக் காத்திருப்பதுபோல் அழுகைக்கும் காத்திருந்தேன். இன்னும் எந்த மாடியில் நிற்கிறதோ.

அடுத்த முறை என்னுடையது. குக்கர் என்னிடம் வந்தும் நான் அதில் ஒன்றும் வைக்கவில்லை. சனிக்கிழமைகள் வந்து போயின. காப்பிக்கடையில் பொட்டலம் வாங்கி, குக்கருக்குப் பக்கத்தில் பிரித்து வைத்துச் சாப்பிட்டேன். ருசி இருந்ததா என்று கேட்காதீர்கள்.

போன வாரம் காதர் பாய் போன் செய்தார்.

"குக்கரை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்றீங்க? அடை காக்கிறீங்களா?"

"உடம்பு சரியில்ல பாய்."

"உங்களுக்கா? சரியில்லேன்னா இந்நேரம் ஆஸ்பத்திரியையே வீட்டுக்கு வரவழைச்சேன்னு சொல்லியிருப்பீங்களே! பொய் வேணாம். லிம் மறுபடியும் கப் நூடுல்ஸுக்குப் போயிட்டாரு. நானும் கடைச் சோறுதான். இந்தச் சனிக்கிழமையும் யாரும் வரலேன்னா நம்ம ரூமை வேற க்ளாஸுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

போனைக் காதில் வைத்தபடியே குக்கர் மூடியை ஒருமுறை திருகினேன்.

"அவரு என்ன வெச்சாருன்னு தெரியாமப் போச்சேன்னு எனக்கும்தான் இருக்கு" என்றார் குரலைத் தாழ்த்தி. "அதுக்காக அதுக்குள்ள வேற எதுவுமே வைக்கக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை பருப்பைக் கழுவிப் போட்டேன். விசில் வந்தபோது அடுப்புக்கு எதிரே நின்றிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பருப்பு வெந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மூன்று தட்டுகள். காதர் பாய் கூட்டு என்று ஊகித்தார், லிம் கறி என்றார். மூடியைத் திறந்தேன். பழைய வழக்கத்தில் வாய் தானாகவே ஓடியது. இந்தப் பருப்பின் வாசனைக்குத் தேவலோகத்தில் அமுதத்தைக் கொட்டிவிட்டுச் சட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள், வரிசை தீவின் மேற்குக் கோடியில் துவாஸ் வரை போகிறது என்றேன். சொல்லி முடித்ததும் வழக்கம்போல் நிறுத்தினேன். உங்கள் சொல் விழ வேண்டிய இடம்.

காதர் பாய் தட்டுகளைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

பருப்பைக் கரண்டியில் எடுத்து முகர்ந்துகொண்டிருந்த லிம், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"பாதி லா."

காதர் பாய் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் சோறு பரிமாறினேன். உப்பு குறைவு, அண்ணே. மூவரும் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டோம். குக்கரைக் காதர் பாய் கொண்டுபோனார். எலுமிச்சை வாசனை அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

இனிமேல் மூடியைத் திறக்கும் முன் இரண்டு முறை ஊகிப்பது என்று கிளம்பும்போது முடிவு செய்தோம். ஒன்று அந்த வாரத்துக்காரர் வைத்ததற்கு, மற்றது நீங்கள் வைத்ததற்கு. காதர் பாய் உங்களுக்கு அவியல் என்று அங்கேயே சொல்லிவிட்டார். லிம் கறி என்றார்.

நான் இன்னும் சொல்லவில்லை. குக்கர் யார் வீட்டில் இருந்தாலும் அந்தக் கேள்வி என்னிடம் இருக்கட்டும். ஊகித்துவிட்டால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்; உள்ளே நீங்கள் வைத்தது இருக்காதே, அண்ணே.