விற்காத மோட்டார் சைக்கிள்

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மோட்டார் சைக்கிளை விற்கச் சொல்லி சவூதியிலிருந்து எழுதியிருந்தீங்க. நான் விற்கல்ல. நீங்க செய்யிறதைப் பார்த்திருந்தபடியே காபரேட்டரைக் கழற்றிக் கழுவினன், பிளக்கைச் சுரண்டினன், செயினுக்கு எண்ணெய் விட்டன். பிறகு வீட்டு வளவுக்குள்ளேயே ஓடிப் பழகினன். "பொம்புளக்கி இது என்னத்துக்கு?" எண்டு கேட்ட உங்கட உம்மா, அதோட என்னோட கதைக்கிறதையே விட்டுட்டா.

போன வெள்ளி, ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், என்னோட கதைக்காம இருந்த மாமிக்கு மூச்சு முட்டிச்சு. பின்னால இருத்தி, என்ட முந்தானையால என்னோட சேர்த்துக் கட்டிக்கொண்டு, நிந்தவூரிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினன். இஞ்சின் ஒரு இடத்திலயும் நிற்கல்ல.

இப்ப சுகம். நேத்து மாமி, "மகள், அக்கரைப்பற்றுச் சந்தைக்கு என்னையும் ஏத்திட்டுப் போறியா?" எண்டு கேட்டா.

நீங்க வாற அண்டைக்கு ஆட்டோ பிடிக்க வேணாம். பஸ் நிலையத்துக்கு நான் வாறன். பின்னால இருங்க.

உங்களைப் பார்த்திருக்கும்,
மனைவி