பதில் வந்த பிறகுதான் கடைசி அடி

ஸ்டுடியோவில் மைக்கைக் கண்டதும் பழக்கதோஷத்தில் உன் கைக்குட்டையை எடுத்து அதில் சுற்றிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரெக்கார்டிங் செய்பவர் சிரித்தார். “மேடம், இங்கெல்லாம் ஷாக் அடிக்காதுங்க. எடுத்துருங்க.” எடுத்தேன். அதற்குள் நீலகிரித் தைல வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நீ போய் இத்தனை மாதமாகியும் அந்தத் துணியை நான் துவைக்கவில்லை. துவைப்பதாகவும் இல்லை.

கோயில் மைதானத்தில் ஜெனரேட்டர் கரண்டு மைக் வழியாகக் கையைக் கடிக்கும் என்பதால் உங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோரும் கைக்குட்டை வைத்திருந்தீர்கள். உன்னுடையதில் மட்டும் தைலம் மணக்கும். தொண்டைக்கா என்று கேட்டேன். “தொண்டைக்கு என்ன கேடு? டீசல் நாத்தம் தாங்கலை அம்மணி” என்றாய்.

சூலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு உங்கள் கீபோர்டுக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்துக்கொள்ள, அவருக்குப் பதிலாக என்னைக் கூட்டி வந்தார்கள். நான் அவிநாசி சாலையில் ஓர் ஓட்டலின் முன்கூடத்தில் பியானோ வாசித்து ஜாஸ் பாடுகிறவள். அங்கே என் பாட்டின் வேலை, சாப்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருப்பது. முதல் பாட்டிலேயே நான் கொஞ்சம் இழுத்து, தாளத்துக்குப் பிந்தி வாசித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். “தாளம் எங்க கண்ணு போச்சு, பல்லடம் பஸ்ஸப் புடிக்கவா?” மைக் போட்டது போட்டபடி இருந்ததால் ஊரே சிரித்தது. அன்று நமக்குள் ஒட்டிக்கொண்டது; அதன் பிறகு ஓட்டல் வேலை இல்லாத இரவுகளில் உங்கள் குழுவுக்கு வாசிக்க வந்துவிடுவேன்.

பகலில் பல்லடத்தில் தறி ஓட்டிவிட்டு வந்து பாடினாய். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நீயே கட்டிய பாட்டுகள் நாலைந்து வரும். அவற்றில் கரண்டுப் பாட்டுதான் சனத்துக்கு உயிர். கரண்டு போய்த் தறிகள் நிற்கிற நேரத்தில் ஒருத்தி தன் ஆளை நினைக்கிற பாட்டு. ‘போன கரண்டு வந்திருச்சு’ என்று உச்சத்துக்குப் போய் அங்கேயே நிறுத்திவிடுவாய். கையை நெற்றியில் வைத்துக் கூட்டத்தின் கடைசியைப் பார்ப்பாய். “ஏனுங்க, பின்னால இருக்கறவங்களுக்குக் காதுல விழுகுதுங்களா?” தறிச் சத்தத்தில் காது பாதி போனவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவே அப்படித்தான். “விழுகுதுங்க” என்று பின்னாலிருந்து பதில் வந்த பிறகுதான் ‘போன ஆளு வரலையே’ என்ற கடைசி அடி.

ஆனைமலைப் பக்கம் ஒருமுறை தூறல் விழுந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நீ கேட்டாய், பதில் இல்லை. விழாக் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து, “பாடி முடிச்சுப்போடும்மா, மழை வருதல்ல” என்று அதட்டினார். “பதில் வரட்டுமுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க.” நின்றாய். நான் கீபோர்டில் ஒரே கட்டைகளை அழுத்திப் பிடித்தபடி விரல் வலிக்க உட்கார்ந்திருந்தேன், உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே. கடைசியில் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள். “விழுகுது கண்ணு, பாடு.” அவள் ஒருத்திக்காக நீ அந்த அடியைப் பாடினாய். அதைப் போல ஒரு பாட்டை நான் எந்த நாட்டு இசைத்தட்டிலும் கேட்டதில்லை.

உன் பாட்டுகளைப் பியானோவில் பாடி ஓர் ஆல்பமாகப் போடுவது என்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். குழுத் தலைவர் யோசனை சொன்னார். “அச்சு அசலா அந்தம்மா மாதிரியே பாடிப்போடுங்க. சனம் கண்ண மூடிட்டுக் கேக்கும்.” மெல்லிசை மேடையில் அதுதான் மரியாதை, புரிகிறது. ஆனாலும் மாட்டேன் என்றேன். உன் சுருதிக்கு ஏறினால் என் குரல் கிழியும். அதைவிட, நீ இருந்த இடத்தில் உன்னைப் போல ஒருத்தி நிற்பதை என்னாலேயே பார்க்க முடியாது.

ஒரே ஒரு நிபந்தனை உன் மகளுடையது. “அம்மா பாட்டுன்னா அம்மா பாட்டா இருக்கோணுமுங்க சித்தி. இல்லாட்டி உட்டுருங்க. போன்ல புடிச்சு வெச்சிருக்கறதே எங்களுக்குப் போதும்.” அவள் வேண்டாமென்றால் ஆல்பம் இல்லை என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

பாடி முடித்த கரண்டுப் பாட்டைக் கேட்க அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். நான் அதை வெகுவாகத் தாழ்த்தி, மெதுவாக்கி, ஜாஸுக்கே உரிய வளைவுகளோடு பாடியிருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் கடைசியில் சுருங்கியது.

“மெதுவாப் பாடுனது பரவாயில்லீங்க. சோறாக்கறப்ப அம்மாவும் இப்படித்தான் பாடும். ஆனா நீங்க நிக்கவே இல்லீங்களே. பதில் வாங்காம அம்மா என்னிக்குங்க கடைசி அடிக்குப் போயிருக்குது?”

“இந்த ரூமுக்குள்ள யாரு கண்ணு பதில் சொல்லுவாங்க?”

“அது எனக்குத் தெரியலீங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். ஓட்டலில் பாடிப் பாடி, யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்ற நினைப்பு எனக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆகவே இங்கேயும் நிற்காமல், கேட்காமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் பாடி முடித்திருந்தேன். பாட்டு அழகாக இருந்தது. ஓட்டல் பாட்டாக இருந்தது.

“இன்னொரு டேக் போகலாம்” என்றேன். உள்ளே போய்க் கைக்குட்டையை மறுபடி மைக்கில் சுற்றினேன். இந்த முறை ரெக்கார்டிங் செய்பவர் எடுக்கச் சொல்லவில்லை.

‘போன கரண்டு வந்திருச்சு’ என்று பாடி நிறுத்தினேன். என் குரலில், என் சுருதியில் கேட்டேன். “ஏனுங்க, பின்னால இருக்கறவங்களுக்குக் காதுல விழுகுதுங்களா?” பியானோ ஒலி தேய்ந்து அடங்கியது. ரெக்கார்டிங் செய்பவர், பாடுங்கள் என்று கையால் சைகை காட்டினார். நான் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உன் மகள் எழுந்து நின்றாள். அவள் குரல் எனக்கு எட்ட வழியில்லை. உதடு மட்டும் தெரிந்தது. விழுகுதுங்க.

‘போன ஆளு வரலையே.’ முதல்முறையாக அது உன்னைப் பற்றிய வரியாக இருந்தது. பாடி முடித்த பிறகுதான் அழுதேன். உன் மகள் உள்ளே வந்து, “இதயே வெச்சுக்கலாமுங்க சித்தி” என்றாள். நடுவில் இருக்கும் அந்த மௌனம் நீளமாக இருக்கிறது, கொஞ்சம் வெட்டலாமா என்று ரெக்கார்டிங் செய்பவர் கேட்டார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆல்பம் வெளிவந்துவிடும். எனக்கு இப்போது இருக்கிற வேலை வேறு. வருகிற சனிக்கிழமை ஓட்டலில் கரண்டுப் பாட்டைப் பாடப் போகிறேன். பாதியில் நிறுத்தி, கையை நெற்றியில் வைத்து, கடைசி மேசை வரை பார்த்துக் கேட்கப் போகிறேன். மேனேஜர் ஓடி வருவார். வரட்டும். பியானோவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கொன்றும் அவசரமில்லை.