படத்திறப்பில் பேசப்பட்ட அணு

ஐயா,

இன்று காலை எதிர்வீட்டில் மைக் செட் கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் இறந்து பதினாறாம் நாள், படத்திறப்பு. பன்னீர் வாசனை என் சமையலறை வரைக்கும் வருகிறது. யாரோ ஓர் இளைஞர் உங்கள் பேச்சையே பேசுகிறார். "ஆற்றலுக்கு அழிவில்லை" என்று சொல்லிவிட்டு, நீங்கள் நிறுத்துகிற மாதிரியே நிறுத்துகிறார். ஜன்னலைச் சாத்தியும் கேட்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் வாய் ஓயவில்லை.

அரியலூரில் நம் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தமிழய்யா, நான் பிசிக்ஸ் டீச்சர். ஸ்டாஃப் ரூமுக்கு டீ வருவதற்குள் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும்.

"டீச்சர், அணுவுக்குள்ள என்னதாங்க இருக்கு?"

"பெரும்பாலும் ஒண்ணுமில்லைங்க ஐயா. வெறும் இடம்."

"அப்ப நம்மாளுங்க மாயைன்னு சொன்னது சரிதானே!"

அன்று எல்லோருக்கும் உங்கள் செலவில் வடை. அடுத்த வாரமே ஜெயங்கொண்டத்தில் நீங்கள் பேசிய ஒரு படத்திறப்பில் என்னுடைய 'ஒண்ணுமில்லை' வேதாந்தமாகிவிட்டது. அணு என்ற சொல் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் இருக்கிறதாம், அதனால் விஞ்ஞானிகள் இன்று தேடுவதை நம் முன்னோர் அன்றே பார்த்துவிட்டார்களாம்.

"ஒருத்தர் வூட்டுச் சொல்லை அடுத்தவங்க வாங்கிப் பொழங்குனா அது கண்டுபிடிப்பு ஆயிடுமாங்க?" என்று கேட்டேன்.

"செத்த வூட்டுல சனங்களுக்கு ஆறுதல் வேணும் டீச்சர். சரி தப்பெல்லாம் உங்க பரீட்சைப் பேப்பர்ல வச்சிக்கிங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. சாவு அப்போது அடுத்தவர் வீட்டில்தான் இருந்தது.

பிறகு என் மகன். சைக்கிளில் டியூஷனுக்குப் போனவன் மேல் சுண்ணாம்புக்கல் லாரி ஏறியது. பதினாறாம் நாள் என் வாசலிலும் மைக் செட் கட்டினார்கள். என் வீட்டுக்காரர்தான் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் வந்து, அவன் படத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சபைக்கும் இன்னொரு சபைக்கும் வித்தியாசம் இல்லாமல் அதே அணுவைப் பேசினீர்கள். போதாததற்கு என் பக்கம் கை நீட்டினீர்கள். "ஆற்றலை அழிக்க முடியாது என்று எனக்குச் சொன்னதே இந்தத் தாய்தான். கேளுங்கள் இவரை, தம்பி எங்கே போய்விட்டான்? இங்கேதான் இருக்கிறான்!"

கூட்டம் கை தட்டியது. என் பிள்ளையின் படத்துக்கு முன்னால் கை தட்டினார்கள் ஐயா. உங்கள் தோளில் துண்டு வேறு போர்த்தினார்கள். அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் உங்களோடு நான் பேசவே இல்லை.

கடைசியில் ஈரல் கெட்டுப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். உங்கள் மனைவி தேடி வந்து, "உங்களையேதாங்க கேக்குறாரு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். வந்தேன். மன்னிக்க வரவில்லை, பார்க்க வந்தேன். காய்ச்சலில் கொதிக்கிற கையால் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"பயமா இருக்கு டீச்சர். அந்த ஆற்றல் விஷயத்தை ஒரு தடவ சொல்லுங்களேன். நீங்க சொன்னா நம்புவேன்."

பொய்கூட வேண்டியதில்லை, பாதி உண்மை போதும் உங்களுக்கு. நான் முழுசாகச் சொன்னேன்.

"ஆற்றல் அழியாதுங்க ஐயா. உங்க ஒடம்புச் சூடு இந்த ரூம் காத்துல கலந்துடும். அதுல நீங்க இருக்க மாட்டீங்க."

உங்கள் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நீங்கள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டீர்கள்.

"அப்ப தம்பியும் இல்லையா டீச்சர்?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. "இல்லைங்க" என்றேன். அவன் போன நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எதிர்வீட்டில் இப்போது கை தட்டுகிறார்கள். உங்களுக்கு நான் சொன்ன பதிலுக்காக ஒரு நாளும் வருந்தியதில்லை, நீங்கள் எழுந்து வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் என் பிள்ளை இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுப் போனீர்களே, அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.