நீ அவர்களுக்குப் பெரிய இழப்பாம்

அன்பு மகன் ராய்ஸுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல டிரெசா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் வேலை இந்த வாரத்தோடு முடிந்ததால் அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், நீயும் உன் இடது முழங்காலும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நீ எல்லாவற்றுக்கும் சரிப்பா சரிப்பா என்கிறாய், பக்கத்தில் உன் ஏஜென்ட் ஷெர்வின் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம், அவர் இருமியதுகூடக் காதில் விழுந்ததாம். அப்பாவின் கையெழுத்தை அம்மாவைத் தவிர யாராலும் படிக்க முடியாது, அதனால் பேனா என்னிடம் வந்தது. அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன் அண்ணா, நான் படித்துத் தெரிந்துகொண்டதை நடுவில் சேர்க்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் தவக்கால மீன் வறுவலுக்குப் போயிருந்தோம். நாலு வருடம் ஆடிய உன்னை ஏரிக்கரை ஃபுட்பால் அணி ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பக் கூப்பிடவில்லை அல்லவா, அன்றிலிருந்து அப்பா கடையில், சர்ச்சில், பெட்ரோல் போடும் இடத்தில் எல்லாம் என் பையனைத் துரத்திட்டானுங்க என்றுதான் சொல்லி வருகிறார். வரிசையில் எங்களுக்கு முன்னால் வெர்ஜில் நின்றார், பள்ளி ஆட்டங்களில் மைதான ஓரத்தில் அப்பாவோடு சேர்ந்து தூரம் அளக்கும் சங்கிலி பிடிக்கிறவர், உனக்குத் தெரியும். அவர் தட்டோடு திரும்பி, ஏய் எம்மெட், துரத்திட்டாங்கன்னு நீ சொல்றே, ரேடியோவுல என்னடான்னா உன் பையன் ஏரிக்காரங்களுக்குப் பெரிய இழப்புங்கறான், துக்கம் விசாரிக்கப் போகலையா, பூ ஏதாவது அனுப்பினியா என்று கேட்டார். வரிசையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் முட்டைக்கோஸை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தார், காரில் ஏறியதும், ஒரு ஃபோன்கூடப் பண்ணாதவன் எதைடி இழந்தான், தூக்கி வெளியே வெச்சதுக்கு இழப்புன்னு பேரா, இதுல ஏதோ இருக்கு டிரெசா, நீ படிச்சுச் சொல்லு என்றார்.

படித்தேன். இழப்பு என்பது அங்கே வருத்தத்தைச் சொல்லும் வார்த்தை இல்லை அண்ணா, கணக்கில் வரும் வார்த்தை. ஒப்பந்தம் முடிந்த ஒருவர் வேறு அணிக்குப் போனால் பழைய அணி அவரை இழந்ததாக எழுதிக்கொள்ளலாம். வந்தவர்களைவிடப் போனவர்கள் அதிகமாகவோ பெரியவர்களாகவோ இருந்தால், அடுத்த வருட டிராஃப்டில் கல்லூரிப் பையன்களை ஒவ்வொரு அணியாக எடுக்கும்போது அந்த அணிக்குக் கூடுதலாக ஒரு தேர்வு இழப்பீடாகக் கிடைக்கும். போனவரின் சம்பளம் எவ்வளவு, புது அணியில் எவ்வளவு நேரம் ஆடினார் என்று பார்த்து அது மூன்றாம் சுற்றில் வருமா ஏழாம் சுற்றில் வருமா என்று முடிவாகும். நடுவிலேயே துரத்தப்பட்டவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அதனால் உன்னைத் துரத்தவில்லை, காலம் முடியும்வரை காத்திருந்து கதவைத் திறந்துவிட்டார்கள், இரண்டுக்கும் இதுதான் வித்தியாசம் என்று அப்பாவிடம் சொன்னேன். முழுக் கணக்கை லீக் வெளியே சொல்வதில்லை என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லியிருக்க வேண்டாம், அவர் எழுந்து போய் வாசற்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இன்னொன்றையும் படித்தேன். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் முடிந்து அடுத்து வருகிற திங்கட்கிழமைக்குப் பிறகு யார் எங்கே போனாலும் கணக்கில் சேராது. இதைக் கேட்டதும் அப்பா மேசையைத் தட்டி, பார்த்தியா, அதுக்குத்தான் டன்லீவி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான் என்றார். நீ கல்லூரியில் இருந்தபோது ஏரிக்கரை அணிக்கு ஆள் தேட உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தாரே, அம்மா செய்த பீச் பழ கேக்கை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர், அதே டன்லீவிதான். இந்த மாதம் முழுக்க அவர் அப்பாவைக் கூப்பிடுகிறார். எம்மெட், பையன் மேல எனக்கு அக்கறை, பாலைவன அணிக்காரங்க அவனுக்கு நல்ல பணம் பேசுறாங்கன்னு கேள்விப்பட்டேன், மே வரைக்கும் இழுக்க விடாதே, இப்பவே கையெழுத்துக் கேக்கச் சொல்லு என்கிறார். நேற்று அப்பா அவருக்கு ஒரு பொறி வைத்தார். அவ்வளவு அக்கறைன்னா ஒண்ணு பண்ணலாம், மே வரைக்கும் அவன் எங்கேயும் போகாம இருக்கட்டும், அப்புறம் நீங்களே திரும்பக் கூட்டிக்கோங்களேன் என்று கேட்டார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். டன்லீவி, அது வேற பேச்சு எம்மெட் என்றார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குமேல் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. டன்லீவி எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும், நீ மே வரை எங்கும் கையெழுத்துப் போடக் கூடாது, ஏரிக்காரங்களுக்கு ஒரு தேர்வும் கிடைக்கக் கூடாது, இதை எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார், உண்மையில் முதலில் அப்படித்தான் எழுதினேன், அந்தத் தாள் இப்போது அடுப்புக்குப் பக்கத்துக் கூடையில் கிடக்கிறது. பாலைவன அணியும் உன்னைக் காத்திருக்கத்தானே சொல்கிறது என்று அவருக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. அவர்கள் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று நான் கேட்டேன். மார்ச்சில் அந்த அணியிலிருந்து இரண்டு பேர் வேறு அணிகளுக்குப் போயிருக்கிறார்கள், அவர்களுக்கும் இரண்டு தேர்வு கிடைக்க வேண்டியிருக்கிறது. உன்னை இப்போது எடுத்தால் நீ வந்தவர் கணக்கில் சேர்ந்து அதில் ஒன்று அழிந்துவிடும். அந்தத் திங்கட்கிழமை தாண்டி எடுத்தால் இரண்டும் தங்கும், நீயும் கிடைப்பாய். காகிதம் எதுவும் இல்லை, கை குலுக்கல்தான் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அதை நம்பி அந்த ஊரில் வாடகைக்கு வீடு எடுத்து, சொந்தச் செலவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாய். இடையில் டிராஃப்ட் வருகிறது, அதில் உன் இடத்தில் ஆடுகிற ஒரு பையன் அவர்களுக்குக் கிடைத்துவிட்டால் குலுக்கிய கையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? முழங்கால் மறுபடி பிசகினால் யார் டாக்டருக்குக் கட்டுவார்கள்?

அம்மா அதுவரை பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, டன்லீவி தன் லாபத்துக்குத்தான் சொல்றான், ஒத்துக்கறேன், சொல்றவன் யோக்கியன் இல்லேன்னா சொல்ற விஷயமும் தப்பாயிடுமா எம்மெட் என்று கேட்டாள். அப்பா, அவனுக்கு டிராஃப்டுல ஒரு பையனைத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா என்றார். ஆமா குடு, உன் ரோஷத்துக்கும் பாலைவனத்துக்காரன் கணக்குக்கும் நடுவுல என் பையன் வெறுங்கையோட நிக்கிறான், ரெண்டு பேரும் அவனைக் காத்திருன்னுதான் சொல்றீங்க, விழுந்தா அடிபடறது அவன் ஒருத்தனுக்குத்தான் என்றாள் அம்மா. அப்பா வெளியே போய் லாரியின் கண்ணாடியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, புதுத் தாள் எடு என்றார்.

இனி வருவது அப்பாவின் வார்த்தைகள். ராய்ஸ், நான் யாரையும் நம்பலை. ஏரிக்காரனை நம்பலை, பாலைவனத்துக்காரனை நம்பலை, உன் ஷெர்வினைப் பாதிதான் நம்பறேன். ஆத்தங்கரை அணி ஒரு வருஷத்துக்குக் கூப்பிடறாங்கன்னு போன வாரம் சொன்னியே, பணம் குறைச்சல்தான், ஆனா அவங்க ஆள் யாரும் வெளியே போகலை, காப்பாத்திக்க அவங்ககிட்ட எந்தத் தேர்வும் இல்லை, அதனால இன்னைக்கே கையெழுத்துப் போடுவாங்க. நீ பாலைவனத்துக்காரங்ககிட்ட நேராப் போ. ஷெர்வினை அனுப்பாதே, நீயே போ. இந்த வாரத்துக்குள்ள காகிதம் வரணும், இல்லேன்னா ஆத்தங்கரைக்குப் போறேன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே தோளில் தட்டினாங்கன்னா அங்கேயே பையை எடுத்துக்கோ. இப்ப நீ எங்கே கையெழுத்துப் போட்டாலும் டன்லீவிக்கு ஏதாவது கிடைக்கும், ஆத்தங்கரைன்னா கடைசிச் சுற்றில் ஏதோ ஒண்ணு, இல்லே ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம், இந்தக் கணக்கை யார் கண்டா. கிடைச்சா கிடைக்கட்டும். அது என் தொண்டையில நிக்குது, ஆனா அதை முழுங்க வேண்டியது நான், நீ இல்லை.

இது மறுபடி டிரெசா. முடிந்ததா என்று கேட்டேன். இல்லை, இதையும் எழுது என்றார். அடுத்த ஏப்ரல்ல உன் கணக்குல எவனோ ஒரு பையன் ஏரிக்கரைக்கு வருவான். அவன் வீட்டு சமையலறையிலேயும் ஒருத்தன் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, உங்க பையன் எங்க குடும்பத்துல ஒருத்தன்னு சொல்லிட்டுப் போவான். அந்த அப்பன் யாருன்னு தெரிஞ்சா டிரெசாவை விட்டு அவனுக்கும் ஒரு கடிதம் எழுதப் போறேன்.

கடவுள் உன் காலையும் கண்ணையும் காக்கட்டும், எல்லாப் பக்கத்தையும் நீயே படி, படிக்காமல் ஒரு எழுத்தும் போடாதே. கையெழுத்து விழும்வரை அந்த ஜிம்மில் எடை தூக்க வேண்டாம், வெறும் ஓட்டம் போதும், இது அம்மா சொன்னது. போட்டு முடித்த உடனே கூப்பிடு, அப்போது மட்டும் ஷெர்வின் கேட்டாலும் பரவாயில்லை.

உன்னை இழக்காத,
அப்பா எம்மெட்

(எழுதியவள் டிரெசா. கீழே கோணலாக இருப்பது அப்பா தானே போட்ட கையெழுத்து. படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார், இரண்டு தடவை.)