இருமியவர்கள் போன ஊர்

மாப்ள,

வெம்பக்கோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மாவின் சேலையிலிருந்து வெடிமருந்து வாடை வந்தது. வழக்கம்போல உன் பக்கம் திரும்பிப் பேச வாயைத் திறந்தேன். அங்கே யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சரி, எழுதியே சொல்கிறேன்: செல்லத்தாயக்காவைக் கண்டுபிடித்துவிட்டேன்!

வருடாவருடம் அதே பட்டாசுத் தொழிலாளிகளிடம் போய் இருமல் உண்டா, மூச்சிரைக்கிறதா என்று அதே கேள்விகளைக் கேட்டுக் கணக்கெடுப்பதுதானே நம் வேலை. வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டைச் சேர்த்துக்கொள்வோம். அப்படியே ஓட்டியதில் கணக்கில் இருமல் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஆபீஸில் ஒரே சந்தோஷம். இனி தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் மருத்துவ வண்டி எதற்கு, நிறுத்திவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. நீ மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய்.

"இருமல் எங்கலே கொறஞ்சது? இருமுனவுக வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாக. நல்லா இருக்கவுகளையே போய்ப் போய்க் கேட்டா?"

மிச்சமிருந்தவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? திருத்தங்கலில் ஓர் அக்கா இருமிக்கொண்டே "இருமல் இல்ல" என்றாரே! "இருக்குன்னா பின்னாடியே பத்துக் கேள்வி வரும்னு எனக்குத் தெரியாதா? அடுப்புல கொழம்பு கெடக்கு, சோலியப் பாருங்க." அன்று பைக்கை ஓட்ட முடியாமல் சிரித்தாய். ஆனால் மறுவருடமே, யார் என்ன சொன்னாலும் எல்லாரிடமும் எல்லாக் கேள்வியும் கேட்க வேண்டும் என்று மாற்றவைத்தாய்.

போனவர்களையும் தேட வேண்டும் என்று நீ போட்ட சண்டைக்குத்தான் பதில் வரவில்லை. நீ செத்துப்போன பிறகு அனுமதி வந்தது. எரிச்சலாக இருக்கிறது, மாப்ள. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?

செல்லத்தாயக்கா, முதல் வருடம் மூச்சிரைக்கப் பதில் சொல்லிவிட்டு, மறுவருடம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர். இன்று மக்காச்சோளக் காட்டோரம், அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது.

"வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்! மருத்துவ வண்டி இங்கனயும் வருமா?"

"நீங்க சொல்றத வச்சுத்தான்க்கா ஆபீஸ்ல கேக்கணும்."

"கூட ஒருத்தர் வருவாகளே, எங்க?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அவுக கேக்க வேண்டியதையும் நீங்களே கேட்டுருங்க. சொல்றேன்."

கேட்டேன், மாப்ள. ஒன்றையும் விடாமல் கேட்டேன்.