இடக்கையால் சோறு தின்ற ரக்பிக்காரன்

ஹைடல்பேர்க்
12.03.2004

அன்புள்ள பிளோறன்ஸ்,

மாதாவின் துணையால் கல்லுப்போல இருக்கிறேன். உமது காய்ச்சல் விட்டுவிட்டதா?

என்னோடு தங்கியிருந்து இங்கே சம்பளத்துக்கு ரக்பி ஆடுகிற மருமகன் நிலக்ஷனைப் பார்க்கச் சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். என்னைக் கண்டு சனம் எல்லாம் எழுந்து நின்றது. கோவில் கதவளவு எதிரணிக்காரன் ஒருவன் இவனைத் தூக்கி நிலத்தில் அடித்தான். ஆட்டம் முடிந்ததும் அவனே இவனுக்குப் பியர் வார்த்துக் கொடுத்துச் சிரிக்கிறான்! எனக்கு அப்போதே சந்தேகம்.

"இது ரக்பி வழக்கம் மாமா" என்றான்.

வீட்டில் சோறு போட்டேன். கரண்டியை எடுத்து இடக்கையால் தின்றான்.

"வலக்கைக்கு என்னடா?"

"ஒண்டுமில்லை. சும்மா பழகிப் பாக்கிறன்."

"ஆருக்கடா கதை விடுறாய்? கதை விடுறதிலை நான் உனக்கு மாமன்."

தோளைத் தொட்டேன், துள்ளி விழுந்தான்.

"கிளப்புக்குத் தெரிஞ்சால் அடுத்த வருசம் என்னை எடுக்க மாட்டாங்கள் மாமா. அம்மாவுக்கும் சொல்லாதேங்கோ."

நீர் பயப்பட வேண்டாம். ஜெர்மனியிலேயே பெரிய எலும்பு டொக்டர் என் சிநேகிதர். ஆனாலும் நோவெண்ணெய் இரண்டு போத்தல் அனுப்பும். இவன்ரை தாய் வெரோனிக்கா அக்கா கேட்டால் என் முழங்காலுக்கு என்று சொல்லும். பார்சலில் இடமிருந்தால் உமது குரல் பதிந்த கசற் ஒன்றும் வையும்.

பயிற்சிக்கு நேரமாகிறது. தனியச் சட்டை மாட்ட ஏலாமல் அவன் கூப்பிடுகிறான். போகிறேன்.

உமது,
பேனாட்