சவாசனத்திலிருந்து எழுவது

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12.8.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நலம். பள்ளிக்கூடம் பழகிவிட்டது.

நேற்று ஒரு வேடிக்கை. கதவைத் தாழிடாமல் சவாசனத்தில் படுத்திருந்தேன். எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மாள் தையல்நாயகி, "ஐயோ, டீச்சரம்மா அசைவில்லாம கெடக்குதே" என்று அலற, அவர் கணவர் தறியை விட்டு ஓடி வந்தார். நான் எழுந்து, இது நீங்கள் கற்றுத்தரும் யோகாசனம் என்று விளக்கினேன்.

"பொணமாட்டம் படுக்கறதுக்கு முப்பது வருசமா பாடம் நடத்திக்கினு இருக்காரா? நல்ல அப்பாம்மா" என்று தையல்நாயகி சிரித்தார்.

அவர் அலறியதுமே நான் எழுந்திருக்கலாம். தையல்நாயகியின் கை என் நெற்றியில் இருந்ததால் சற்று நேரம் கண்ணைத் திறக்கவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுங்கள்.

எல்லா ஆசனங்களிலும் சவாசனம்தான் கடினம் என்பீர்கள். தலைகீழாக நிற்கத் தெரிந்த எனக்கு இப்போதுதான் அது விளங்குகிறது.

உங்கள் யோக வகுப்பில் விரிக்கும் பழைய ஜமுக்காளம் ஒன்றை அனுப்பி வையுங்கள். புதிது வேண்டாம்.

வகுப்பு முடிவில் நீங்கள் வந்து கால் கட்டைவிரலைத் தொட்ட பிறகுதான் எழுவோம். தனியாகப் படுப்பவர் எப்போது எழ வேண்டும் என்று எழுதுங்கள்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள்.

உங்கள் மகள்,
கோமதி